எஃப்டிஜி பெட் ஸ்கேனில் கட்டி ஒளிரவில்லை: ஃபைப்ரோலாமெல்லார் இல்லை என்று சொல்லிவிடலாமா?

முதுநிலை_அறுவை கேட்டது:

ட்யூமர் போர்டில் (புற்றுநோய் மருத்துவர்கள் கூடி முடிவெடுக்கும் கூட்டம்) திரும்பத் திரும்ப எழும் சிக்கல் இது. ஒரு மாதிரி நோயாளியை வைத்துக் கேட்கிறேன்.

22 வயதுப் பெண். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் நெகட்டிவ். சிரோசிஸ் (கல்லீரல் முழுக்க நாராகித் தழும்பேறுவது) இல்லை. கல்லீரல் புற்றுக்குப் பார்க்கும் ரத்தக் குறியீடான ஏஎஃப்பி நார்மல். மூன்று கட்ட சிடியில் கல்லீரலின் இடது மடலில் 9 செ.மீ. கட்டி. நடுவில் நட்சத்திரம் போன்ற தழும்பு, தழும்புக்குள் சுண்ணாம்புப் படிவு. ஃபைப்ரோலாமெல்லார் கார்சினோமா என்கிற அரிய கல்லீரல் புற்றா, அல்லது ஃபோக்கல் நோடுலர் ஹைப்பர்பிளேசியா என்கிற எஃப்என்ஹெச் சாதுக் கட்டியா என்பதுதான் சந்தேகம்.

கதிரியக்கச் சர்க்கரையைத் திசு எவ்வளவு எடுத்துக்கொள்கிறது (அப்டேக்) என்று காட்டும் எஃப்டிஜி பெட்-சிடி ஸ்கேனின் அறிக்கை இரண்டு வாக்கியம் சொல்கிறது. "கட்டியின் அப்டேக் கல்லீரல் பின்புலத்துக்குச் சமம். புற்றுநோய்க்கான சான்று இல்லை."

இந்த இரண்டாவது வாக்கியத்தை நம்பி அறுவையைத் தள்ளிப்போடலாமா? சோலாஞ்சியோ (பித்தநாளப் புற்று), கலப்புக் கட்டி, எபிதீலியாய்டு ஹீமாஞ்சியோஎண்டோதீலியோமா, ஆஞ்சியோசார்கோமா (இவை இரண்டும் ரத்தநாளக் கட்டிகள்), நியூரோஎண்டோகிரைன் (ஹார்மோன் சுரக்கும் செல்களின் கட்டி) போன்ற மற்ற அரிய கட்டிகளுக்கு எந்த ட்ரேசர் (ஸ்கேனுக்கு ஏற்றும் கதிரியக்க மருந்து) கேட்க வேண்டும்? ஸ்கேன் எடுக்கும் விதத்தில் நாங்கள் வலியுறுத்திக் கேட்க வேண்டியது ஏதும் உண்டா?

---

ஐசோடோப்_18:

டாக்டர், அந்த இரண்டாவது வாக்கியத்தை அறிக்கையிலிருந்து அடித்துவிட வேண்டும். முதல் வாக்கியம் அளந்து சொன்னது. இரண்டாவதைச் சொல்ல அந்த அளவீட்டுக்கு வலு கிடையாது.

காரணம் கல்லீரலின் வேலையிலேயே இருக்கிறது. எஃப்டிஜி என்பது ஃப்ளோரின்-18 ஏற்றிய குளுக்கோஸ். செல்லுக்குள் போனதும் ஹெக்ஸோகைனேஸ் அதன்மேல் ஒரு பாஸ்பேட்டைப் பூட்டிவிடும். பூட்டு விழுந்த எஃப்டிஜி வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே சேரும். படத்தில் தெரியும் ஒளி அந்தச் சேர்க்கைதான். ஆனால் ரத்தத்துக்குச் சர்க்கரையைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு கல்லீரலுக்கு உண்டு. அதற்காகவே குளுக்கோஸ்-6-பாஸ்படேஸ் என்ற என்சைமை அது நிறைய வைத்திருக்கிறது. அந்த என்சைம் பூட்டைத் திறந்து எஃப்டிஜியை வெளியே விட்டுவிடும். கல்லீரல் செல்லின் குணம் மாறாத கட்டி எதுவானாலும் இதையேதான் செய்யும். குணம் கெட்டு, அந்த என்சைமை இழந்த பிறகுதான் பளிச்சென்று ஒளிரும். அதனால் ஒளிர்ந்தால் முரட்டுக் கட்டி என்று எண்ண இடம் உண்டு. ஒளிராததால் சாது என்று எண்ண இடமே இல்லை.

கல்லீரல் செல்லிலிருந்து வரும் வழக்கமான புற்றான ஹெபடோசெல்லுலர் கார்சினோமாவிலேயே எஃப்டிஜி ஏறத்தாழ பாதியைத் தவறவிடுகிறது. 2003-இல் ஹாங்காங்கில் வெளியான ஆய்வில் எஃப்டிஜி 47 சதவீதக் கட்டிகளைத்தான் காட்டியது. கார்பன்-11 அசிடேட் என்ற இன்னொரு ட்ரேசர் 87 சதவீதத்தைக் காட்டியது. ஒன்று விட்டதை மற்றொன்று பிடித்தது என்பதுதான் அந்த ஆய்வில் முக்கியம். நன்கு முதிர்ந்த செல்களுள்ள கட்டி அசிடேட்டை ஏற்றது, குணம் கெட்டது எஃப்டிஜியை ஏற்றது.

ஃபைப்ரோலாமெல்லாரில் எஃப்டிஜி எந்தப் பக்கமும் போகும். சில கட்டிகள் நன்றாக ஒளிரும், சில கல்லீரலோடு கரைந்துவிடும். எஃப்என்ஹெச்சும் பெரும்பாலும் கல்லீரலுக்குச் சமமாகவே வரும். ஆக உங்கள் கேள்வியில் உள்ள இரண்டு நோய்களுமே "பின்புலத்துக்குச் சமம்" என்ற ஒரே பதிலைத் தரக்கூடியவை. பிரித்துச் சொல்ல முடியாத பரிசோதனையிடம் பிரித்துச் சொல்லும்படி கேட்கக் கூடாது.

அப்படியானால் இந்தப் பெண்ணுக்கு பெட் வீணா என்றால், இல்லை. ஃபைப்ரோலாமெல்லார் நிணநீர்க் கணுக்களுக்குப் போவது அதிகம். கல்லீரல் வாயில், சீலியாக் தமனியைச் சுற்றி, மகாதமனியோரம் என்று கணுக்களைத் தேடுவதற்கு பெட் உதவும். கட்டியின் எஸ்யூவி (ஒளியின் அளவைச் சொல்லும் எண்) 2.5, கல்லீரலும் 2.5 என்றால் கட்டி மறைந்துபோகும். அதே 2.5 உள்ள கணு, எஸ்யூவி அரைக்கும் கீழே இருக்கும் கொழுப்புக்கு நடுவே உட்கார்ந்திருந்தால் தெளிவாகத் தெரியும். மூலக்கட்டி ஒளிரவில்லை என்பதற்காகக் கணுக்களைப் பார்க்காமல் படத்தை மூடிவிடுவது பெரிய தவறு.

மற்றவற்றுக்கு வருகிறேன்.

கல்லீரலுக்குள் தோன்றும் சோலாஞ்சியோகார்சினோமாவில் திரண்ட கட்டியாக வளரும் வகைக்கு எஃப்டிஜி நல்ல ட்ரேசர். பித்தநாளச் செல்லிலிருந்து வருவதால் அந்தப் பாஸ்படேஸ் தொல்லை இல்லை. நடுப்பகுதி நாராக இருப்பதால் வளையம்போல் ஒளிரும். நாளச் சுவரோரமாகவே படரும் வகையும், சளி சுரக்கும் வகையும் ஏமாற்றும். முதலாவதில் கட்டியின் கனம் மிகக் குறைவு. இரண்டாவதில் செல்லைவிடச் சளிதான் அதிகம்.

இங்கேதான் ஃபேப்பி ட்ரேசருக்கு மதிப்பு. 2018-இல் ஹைடெல்பெர்க் குழு வெளியிட்ட இந்த மூலக்கூறு புற்றுச் செல்லைப் பிடிப்பதில்லை. புற்றைச் சுற்றி நார் பின்னும் ஃபைப்ரோபிளாஸ்ட்களின் புரதத்தைப் பிடிக்கிறது. சோலாஞ்சியோவில் நார் ஏராளம். நலமான கல்லீரல் இந்த ட்ரேசரை மிகக் குறைவாகவே எடுப்பதால் பின்புலம் இருட்டாக இருக்கும், சிறு கட்டியும் எடுத்துக்காட்டும். ஆனால் சிரோசிஸ் கல்லீரல் முழுக்கவே நார்தான், அங்கே பின்புலமும் ஏறிவிடும். சோலாஞ்சைடிஸ் (பித்தநாள அழற்சி), ஐஜிஜி4 நோய் (நோயெதிர்ப்புக் கோளாறால் வரும் அழற்சி), கணைய அழற்சி எல்லாமே ஃபேப்பியில் ஒளிரும். எல்லா மையங்களிலும் இது கிடைக்காது.

ஹெபடோசெல்லுலரும் சோலாஞ்சியோவும் கலந்த கட்டியில் ஒரே கட்டிக்குள் ஒரு பக்கம் ஒளிர்ந்து மறுபக்கம் கரையும். இதைப் பார்த்தால் அறிக்கையில் எழுத வேண்டும், பயாப்ஸி எடுப்பவருக்கு அது வழிகாட்டி.

எபிதீலியாய்டு ஹீமாஞ்சியோஎண்டோதீலியோமா கல்லீரலின் ஓரங்களில் பல முடிச்சுகளாக வரும், மேலுறையை உள்ளே இழுத்திருக்கும். அப்டேக் மிதமானது, சிலவற்றில் கல்லீரலுக்குச் சமம். நுரையீரலையும் எலும்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆஞ்சியோசார்கோமா பொதுவாக ஒளிரும், ஆனால் ரத்தக் குளங்களும் அழுகலும் இருப்பதால் திட்டுத்திட்டாக. வினைல் குளோரைடு, ஆர்செனிக் தொடர்பான வேலை வரலாற்றைப் படிவத்தில் எழுதுங்கள். 1974-இல் அமெரிக்காவில் லூயிவில் நகரின் பிவிசி ஆலைத் தொழிலாளரிடம் இந்த அரிய கட்டி வரிசையாக வந்ததால்தான் வினைல் குளோரைடின் தொடர்பே வெளிப்பட்டது.

கல்லீரலில் மட்டும் வரும் லிம்ஃபோமா மிகப் பளிச்சென்று ஒளிரும். சந்தேகம் இருந்தால் பயாப்ஸியும் பெட்டும் முடியும்வரை ஸ்டீராய்டு தொடங்காதீர்கள். சில நாள் டெக்ஸாமெத்தசோன் போதும், ஒளியும் குறையும், பயாப்ஸியும் குழம்பும்.

ஒளிர்வதெல்லாம் புற்று என்றும் ஆகாது. கல்லீரல் காசநோய், சீழ்க்கட்டி இரண்டும் சோலாஞ்சியோ போலவே வளையமாக ஒளிரும். நம் பக்கத்தில் இதை மறந்தால் தப்பு நடக்கும்.

---

எம்ஆர்_வாசகர்:

ஐசோடோப்_18 சொன்னதோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் வரிசையை மாற்ற வேண்டும். இந்த மாதிரி நோயாளிக்கு பெட்டுக்கு முன்பே எம்ஆர்ஐ முடிந்திருக்க வேண்டும்.

காடாக்ஸிடேட் கான்ட்ராஸ்ட் (கல்லீரல் செல்லுக்குள் போகும் எம்ஆர்ஐ மருந்து), ஒரு கிலோ எடைக்கு 0.025 மில்லிமோல், 20 நிமிடம் கழித்து ஹெபடோபிலியரி படம். எஃப்என்ஹெச்சில் வேலைசெய்யும் கல்லீரல் செல் உண்டு, பித்தம் வெளியேற நேரான வழி இல்லை. ஆகவே மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கல்லீரலுக்குச் சமமாகவோ அதைவிட வெளுப்பாகவோ நிற்கும். ஃபைப்ரோலாமெல்லார் கறுப்பாகிவிடும். டி2 படத்தில் எஃப்என்ஹெச்சின் தழும்பு வெளுப்பு, ஃபைப்ரோலாமெல்லாரின் தழும்பு கறுப்பு. தழும்பில் சுண்ணாம்பு இருப்பது ஃபைப்ரோலாமெல்லார் பக்கமே சாய்கிறது. ஒவ்வொரு அடையாளத்துக்கும் விதிவிலக்கு உண்டு. மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் நம்பலாம், ஒன்று முரண்டினால் பயாப்ஸி.

கோலின் பெட் எடுத்து எஃப்என்ஹெச்சைப் பிரிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். எஃப்என்ஹெச்சும் கோலினை நன்றாக எடுக்கும், ஹெபடோசெல்லுலர் கட்டியும் எடுக்கும். "சாதுவா, இல்லையா" என்ற கேள்விக்கு அது தனியாக உதவாது.

---

ஸ்கேன்_அறை:

எடுக்கும் விதம் பற்றி நான் சொல்கிறேன். கல்லீரலைப் பொறுத்தவரை பாதிக் குழப்பம் படம் எடுப்பதிலேயே நுழைகிறது.

ஆறு மணி நேரம் வெறும் வயிறு, வெறும் தண்ணீர் மட்டும் குடிக்கலாம். முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம். சுகர் 200-க்குக் கீழே இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் அவசரமாக இன்சுலின் போட்டு உடனே எஃப்டிஜி ஏற்றுவதுதான் மோசமான வழி. இன்சுலின் எஃப்டிஜியைத் தசைக்குள் தள்ளிவிடும், தோளும் தொடையும் ஒளிரும், கட்டி மங்கும். விரைவாக வேலை செய்யும் இன்சுலின் போட்டால் குறைந்தது நான்கு மணி நேரம் பொறுக்க வேண்டும், முடிந்தால் வேறு நாள். மெட்ஃபார்மின் குடலை முழுக்க ஒளிரவைக்கும். கல்லீரலின் அடிப்பக்கமும் பெருங்குடலின் வளைவும் ஒட்டியிருப்பதால் 48 மணி நேரம் முன்பே நிறுத்துவது நல்லது, ஆனால் சுகர் மருத்துவரைக் கேட்டு. இந்த வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம்.

எடையைக் கேட்டு எழுதாமல் நிறுத்துப் பாருங்கள். எஸ்யூவி கணக்கு எடையை வைத்துத்தான் ஓடுகிறது. மருந்தின் கதிரியக்க அளவைக் கிலோவுக்கு 3.5 மெகாபெக்கெரல் என்று கொண்டால் 60 கிலோவுக்கு 210, அதாவது சுமார் 5.7 மில்லிகியூரி. சிரிஞ்சை ஏற்றுமுன் அளக்க வேண்டும், ஏற்றியபின் காலி சிரிஞ்சையும் அளந்து கழிக்க வேண்டும். முன்னால் 215, பின்னால் 6 என்றால் உள்ளே போனது 209. மூன்று நேரங்களையும் எழுத வேண்டும்: சிரிஞ்சை அளந்த நேரம், ஏற்றிய நேரம், படம் தொடங்கிய நேரம். சிரிஞ்சை அளக்கும் கருவியான டோஸ் காலிபிரேட்டர் அருகிலுள்ள கடிகாரமும் ஸ்கேனர் கணினியின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். ஃப்ளோரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடம், பத்து நிமிட வித்தியாசம் எஸ்யூவியை 6 சதவீதம் நகர்த்திவிடும். கட்டியும் கல்லீரலும் ஒரே விகிதத்தில் நகரும் என்பதால் ஒரே படத்துக்குள் பெரிதாகத் தெரியாது. மூன்று மாதம் கழித்து அடுத்த ஸ்கேனோடு ஒப்பிடும்போது குழப்பும்.

ஊசி ஏற்றிய இடத்தில் மருந்து கசிந்தால் எஸ்யூவி எல்லாமே குறைவாக வரும். கேனுலா வழியாக முதலில் சலைன் விட்டுச் சோதித்து, பிறகு மருந்து, மறுபடி சலைன். கை மேலே இருக்கும்படி படம் எடுப்பதால் முழங்கை பல மையங்களில் படத்துக்குள் வராது. கசிவு சந்தேகம் இருந்தால் அந்த இடத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது மூச்சு, கல்லீரலுக்கு இதுதான் பெரிய எதிரி. சிடி சில நொடியில் முடிந்துவிடும். பெட் ஒரு படுக்கை நிலைக்கு (படுக்கையை ஓரிடத்தில் நிறுத்தி எடுக்கும் பகுதி) இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். அந்த நேரமெல்லாம் உதரவிதானத்தோடு சேர்ந்து கல்லீரல் மேலும் கீழும் ஒன்று முதல் இரண்டு செ.மீ. வரை ஆடுகிறது. நோயாளி மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்தபடி சிடி எடுத்துவிட்டால் கல்லீரலின் உச்சி இருக்க வேண்டிய இடத்தில் நுரையீரல் பதிவாகும். உடல் தடுத்துவிடும் ஒளியைச் சிடியை வைத்துத்தான் கணினி திருத்துகிறது, அந்த இடத்துக்குக் காற்றுக்குரிய திருத்தத்தைப் போட்டுவிடும். படத்தில் உதரவிதானத்தை ஒட்டி, வாழைப்பழ வளைவில், ஒளியில்லாத ஒரு பட்டை தெரியும். அங்கே ஒரு கட்டி இருந்தால் போயே போய்விடும், அல்லது நுரையீரல் அடியில் இருப்பதுபோல் விழும். ஆகவே சிடியை இயல்பான, மெல்லிய மூச்சில் எடுக்க வேண்டும். வாழைப்பழம் தெரிந்தால் திருத்தம் போடாத படத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், உச்சிப் பகுதிக்கு மட்டும் சிடியும் பெட்டும் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் வலியுறுத்திக் கேட்க வேண்டியவை என்றால் இரண்டு. உடல் முழுக்க எடுத்தபின் கல்லீரலுக்கு மட்டும் தனியாக ஒரு படுக்கை நிலை, எட்டு முதல் பத்து நிமிடம், மூச்சு கேட்டிங்குடன் (மூச்சின் அசைவைக் கணக்கில் எடுத்துப் படத்தைச் சேர்ப்பது). பிறகு இரண்டு அல்லது மூன்று மணி நேரத்தில் கல்லீரலின் தாமதப் படம். நேரம் போகப் போகக் கல்லீரல் எஃப்டிஜியைக் கழற்றிவிடும், பின்புலம் தாழும். பிடித்துவைத்திருக்கும் கட்டி அப்போது மேலே எழும். முதல் மணியில் "சமம்" என்று வந்த கட்டி மூன்றாம் மணியில் தெரிவது உண்டு. தெரியாவிட்டாலும் அறிக்கையில் "தாமதப் படத்திலும் சமம்" என்று எழுதினால் அந்தச் சொல்லுக்கு எடை கூடும்.

ஒரு செ.மீ.க்கும் சிறிய முடிச்சில் எஸ்யூவி எண்ணை நம்ப வேண்டாம். கருவியின் பிரிதிறனே சில மில்லிமீட்டர், மூச்சும் சேர்ந்தால் ஒளி சுற்றிலும் சிந்திவிடும், எண் குறைவாகத்தான் வரும்.

---

ஸ்லைடு_ட்ரே:

திசு ஆய்வுப் பக்கமிருந்து சுருக்கமாக.

ஃபைப்ரோலாமெல்லார் சந்தேகம் என்றால் எங்களுக்குத் தழும்பைக் குத்தி அனுப்பாதீர்கள். ஊசி முழுக்க நாராக வந்தால் எதுவும் சொல்ல முடியாது. பெட்டில் கொஞ்சமாவது ஒளிரும் ஓரம் இருந்தால் அங்கிருந்து எடுக்க வேண்டும். கல்லீரலுக்குச் சமமாக இருந்தால் தழும்பிலிருந்து விலகிய, கான்ட்ராஸ்ட் ஏறிய சதைப்பகுதியிலிருந்து. கூடவே கட்டி இல்லாத கல்லீரலிலிருந்து ஒரு துண்டு. பின்னணியில் சிரோசிஸ் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய அது வேண்டும்.

ஸ்லைடில் பெரிய பெரிய செல்கள், இளஞ்சிவப்பில் மணல்மணலாக நிரம்பிய சைட்டோபிளாசம், எடுப்பான நியூக்ளியோலஸ், செல் கூட்டங்களுக்கு நடுவே இணைகோடுகளாக ஓடும் நார்ப் பட்டைகள். ஹெப்பார்-1, சிகே7, சிடி68 என்ற புரதச் சாயப் பரிசோதனைகள் மூன்றும் பாசிட்டிவாக வந்தால் கை ஓங்குகிறது. 2014-இல் கண்டுபிடிக்கப்பட்ட டிஎன்ஏஜேபி1-பிஆர்கேஏசிஏ இணைப்பு மரபணு உறுதிப்படுத்தும். 19-ஆம் குரோமோசோமில் சுமார் 400 கிலோபேஸ் துண்டு உதிர்ந்து இந்த இணைப்பு உண்டாகிறது. பித்தநாளம், கணையம் ஆகியவற்றின் ஆன்கோசைட்டிக் பாப்பிலரி கட்டிகளிலும் இதே இணைப்பு கிடைத்திருக்கிறது. ஆகவே மரபணு அறிக்கையை ஸ்லைடோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

கலப்புக் கட்டி என்று பெட் சொன்னால் ஒளிரும் பகுதியிலிருந்தும் ஒளிராத பகுதியிலிருந்தும் தனித்தனியாக எடுத்து, தனித்தனிப் புட்டியில், எது எங்கிருந்து என்று எழுதி அனுப்புங்கள். ஒரே குத்தில் ஒரு பாதிதான் கிடைக்கும், அந்தப் பாதியின் பெயர்தான் முழுக் கட்டிக்கும் விழும். ஆஞ்சியோசார்கோமா சந்தேகத்தில் ரத்தக்கசிவு ஆபத்து பெரிது. இன்டர்வென்ஷனல் ரேடியாலஜியோடு கலந்து பேசாமல் ஊசி போட வேண்டாம்.

---

முதுநிலை_அறுவை:

எல்லோருக்கும் நன்றி. மூன்று துணைக் கேள்விகள். பித்தநாள ஸ்டென்ட் போட்ட பிறகு சோலாஞ்சியோ சந்தேகத்துக்கு பெட் எடுத்தால் பயன் உண்டா? டேஸ் (தமனி வழியாகக் கட்டிக்குள் மருந்து செலுத்தி ரத்தத்தை அடைக்கும் சிகிச்சை) செய்து லிப்பியோடால் நிரம்பிய கட்டியில் ஒளி தெரிந்தால் மீதி நோய் என்று எடுக்கலாமா? நியூரோஎண்டோகிரைன் பற்றி யாரும் சொல்லவில்லையே.

---

ஐசோடோப்_18:

நியூரோஎண்டோகிரைனை விட்டது என் தவறு. அதற்கு காலியம்-68 டோட்டாடேட், டோட்டாடாக் அல்லது டோட்டாநாக். கட்டிச் செல்லின் மேலுள்ள சோமடோஸ்டாட்டின் ரிசெப்டரைப் பிடிப்பவை இவை. வெறும் வயிறு தேவையில்லை. 100 முதல் 200 மெகாபெக்கெரல், ஏற்றி ஒரு மணி நேரத்தில் படம். காலியம்-68-இன் அரை ஆயுள் 68 நிமிடம்தான். ஜெர்மேனியம்-68 ஜெனரேட்டரிலிருந்து கறந்த மருந்து சில நோயாளிகளுக்கே போதும், தாமதமாக வந்தால் அன்றைய வாய்ப்பு போய்விடும். மாதம் ஒருமுறை போடும் ஆக்ட்ரியோடைடு ஊசி ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த ஊசிக்குச் சற்று முன் ஸ்கேனை வைப்பது வழக்கம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கல்லீரலிலேயே தோன்றிய நியூரோஎண்டோகிரைன் கட்டி மிக அரிது. கல்லீரலில் அப்படியொரு கட்டி தெரிந்தால் வேறிடத்திலிருந்து வந்தது என்றுதான் முதலில் எண்ண வேண்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் கணையத்தையும் நுரையீரலையும் சலித்துத் தேடி, எதுவும் இல்லை என்ற பிறகே "மூலம் கல்லீரல்" என்று எழுதலாம். கணையத் தலையின் அன்சினேட் பகுதி இயல்பாகவே டோட்டாடேட்டை எடுக்கும், அதைக் கட்டி என்று பிடித்துக்கொள்ள வேண்டாம். துணை மண்ணீரலும் அப்படியே. வேகமாக வளரும் உயர்தரக் கட்டி ரிசெப்டரை இழந்திருக்கும். டோட்டாடேட் இருட்டு, எஃப்டிஜி ஒளி என்று வந்தால் அது கெட்ட சேதி, அதே ரிசெப்டரைக் குறிவைக்கும் லுட்டீஷியம் சிகிச்சைக்கும் அந்தக் கட்டி பிடிகொடுக்காது. இரண்டு ட்ரேசரும் எடுத்து ஒவ்வொரு கட்டியாக ஒப்பிடுவதுதான் முறை.

ஸ்டென்ட் விஷயம்: முடிந்தவரை ஸ்டென்டுக்கு முன் எடுங்கள். போட்ட பிறகு நாளத்தின் நெடுகிலும் அழற்சி ஒளிரும், சோலாஞ்சைடிஸ் சேர்ந்தால் கிளைகள் எல்லாமே ஒளிரும். அப்போது நாளத்தைப் பற்றி பெட் சொல்வதை நம்ப முடியாது. ஆனால் தூரக் கணு, நுரையீரல், பெரிடோனியம் பற்றிச் சொல்வது செல்லும். அந்தக் கேள்விக்காக மட்டும் எடுக்கலாம். போர்ட்டல் சிரையில் உறைவு இருந்தால் அதையும் பாருங்கள். உறைவுக்குள்ளேயே ஒளி இருந்தால் கட்டி சிரைக்குள் நுழைந்திருக்கிறது என்று பொருள். ஒளி இல்லாவிட்டால் வெறும் ரத்த உறைவாக இருக்கலாம், மூலக்கட்டியே ஒளிராத வகை என்றால் இதுவும் செல்லாது.

---

ஸ்கேன்_அறை:

லிப்பியோடால் கேள்விக்கு. லிப்பியோடால் அயோடின் கலந்த எண்ணெய், சிடியில் உலோகம்போல் வெளுத்துத் தெரியும். அந்த அடர்த்தியை எலும்பைப்போல எண்ணிக் கணினி கூடுதல் திருத்தம் போட்டுவிடும், இல்லாத ஒளி உண்டாகிவிடும். வழி ஒன்றுதான்: திருத்தம் போடாத படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒளி இருந்தால் உண்மை. திருத்திய படத்தில் மட்டும் இருந்தால் எண்ணெயின் வேலை. எண்ணெய் படிந்த இடத்துக்கு வெளியே, ஓரத்தில் முடிச்சாக ஒளிர்ந்தால் மீதி நோயைச் சந்தேகிக்கலாம். மெல்லிய, ஒரே சீரான வளையம் பெரும்பாலும் சிகிச்சை தந்த அழற்சி.

வயிற்றில் நீர் கோத்த நோயாளியில் இன்னொரு சங்கடம். நிறுத்த எடையில் பல கிலோ வெறும் நீர். எடை கூடினால் எஸ்யூவியும் கூடும். வடித்த பிறகு எடுத்த ஸ்கேனோடு ஒப்பிட்டால் கட்டி குறைந்ததுபோல் தோன்றும். அங்கே கட்டிக்கும் கல்லீரலுக்குமான விகிதத்தை எழுதச் சொல்லுங்கள். கல்லீரல் அளவை வலது மடலில், கட்டி இல்லாத இடத்தில், 3 செ.மீ. உருண்டை வைத்து எடுக்க வேண்டும். கீமோவுக்குப் பிறகு எடுப்பதானால் குறைந்தது பத்து நாள், கதிர்வீச்சுக்குப் பிறகு மூன்று மாதம் இடைவெளி விடுங்கள்.

---

ஐசோடோப்_18:

கடைசியாக, கோரிக்கைப் படிவம். "கல்லீரல் கட்டி, பெட்-சிடி" என்று மட்டும் எழுதி அனுப்பினால் எங்களுக்குக் கிடைப்பது ஒரு வழக்கமான உடல் ஸ்கேன்தான். உங்கள் நோயாளிக்கு இப்படி எழுதினால் போதும்:

"வயது 22, பெண், சிரோசிஸ் இல்லை, ஏஎஃப்பி நார்மல், இடது மடலில் 9 செ.மீ., சுண்ணாம்புள்ள நடுத்தழும்பு. ஃபைப்ரோலாமெல்லார் சந்தேகம். கேள்வி: கல்லீரல் வாயிலிலும் மகாதமனியோரத்திலும் கணு உண்டா, நுரையீரல் அல்லது பெரிடோனியத்தில் பரவல் உண்டா, பயாப்ஸிக்கு ஒளிரும் பகுதி உண்டா. கல்லீரலுக்குத் தனிப் படுக்கை நிலை, மூச்சு கேட்டிங், 2 முதல் 3 மணி நேரத் தாமதப் படம் தேவை. எம்ஆர்ஐ சிடி இணைப்பில்."

ஏற்கெனவே எடுத்த ஸ்கேனுக்கு, அறிக்கையைத் திருத்தி எழுதித் தரும்படி அந்த மையத்தைக் கேளுங்கள். வேண்டிய வாக்கியம் இது: "கட்டியின் அப்டேக் கல்லீரலுக்குச் சமம், இது எஃப்என்ஹெச்சிலும் நன்கு முதிர்ந்த ஹெபடோசெல்லுலர் வகைகளிலும் ஃபைப்ரோலாமெல்லாரிலும் வரக்கூடியது, திசுப் பரிசோதனை தேவை." கூடவே கணுக்கள் பற்றித் தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்தப் படங்களை அணுமருத்துவர் ஒருவருடன் உட்கார்ந்து மறுபடி பார்க்க வேண்டும்.